படகு வடிவில் பீடம் போதுமா?

அண்மையில் கடலோரப் பங்கு ஒன்றின் திருவிழாவில் மறையுரை ஆற்றச் சென்றிருந்தோம். புதிதாக எழுப்பப்பட்ட ஆலயம். பலிபீடம் படகின் வடிவில் அமைக்கப்பட்டிருந்தது. வாசக மேடை பாய்மரம் போல் நிமிர்ந்து நின்றது. நற்கருணைப் பேழையின் இருபுறமும் பளிங்கில் செதுக்கிய துடுப்புகள். கண்ணுக்கு இனிய வேலைப்பாடு என்பதில் ஐயமில்லை. திருப்பலி முடிந்ததும் முற்றத்தில் கூடி நின்ற இளைஞர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்களில் கட்டுமரம் கட்டத் தெரிந்தவர் யார்? பாய் விரித்து ஓட்டத் தெரிந்தவர் யார்?" ஏறத்தாழ முப்பது பேர் இருந்தனர். ஒருவரும் கை உயர்த்தவில்லை. ஓர் இளைஞர் மட்டும் சிரித்துக்கொண்டே, "எங்க தாத்தாவுக்குத் தெரியும் ஃபாதர். அவரு செத்து எட்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அந்தச் சிரிப்பு நம்மை விட்டு அகலவில்லை. பளிங்கில் படகைச் செதுக்கி வணங்குகின்ற ஊரில், மரத்தில் படகைக் கட்டுகின்ற கை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தன் படகைத் தானே கட்டி, காற்றின் துணையால் தானே செலுத்தும் கலை அழிவதை, பழம்பொருள் ஒன்று அழிவதாக நாம் கருதிவிடலாகாது. உழைப்பவர் தம் உழைப்புக் கருவியின்மீது கொண்டிருந்த உரிமை அத்துடன் சேர்ந்து அழிகின்றது. அந்த அழிவில் திருச்சபைக்கும், குறிப்பாகக் குருக்களாகிய நமக்கும் பங்கு உண்டு. ஆகவே அதை ஈடுசெய்யும் கடமையும் நமக்கு உண்டு. இதையே இங்கு வாதிட விழைகின்றோம்.

கட்டுமரத்தைக் கரையில் நின்று மட்டுமே பார்த்தவர்கள் அதை நாலு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்றே எண்ணுகின்றனர். படித்தவர் நடுவே இந்த எண்ணம் இன்னும் வலுவாக இருக்கின்றது. உண்மை வேறு. எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, நடுமரமும் பக்க மரங்களும் ஒன்றோடொன்று பொருந்துமாறு செதுக்கி, அணியத்தை மேல்நோக்கி வளைத்து, மூன்று முதல் ஏழு மரங்களைக் கயிற்றால் பிணைப்பது அதன் அமைப்பு. ஆணி கிடையாது. அலை மேலேறினால் நீர் மரங்களின் இடைவெளி வழியே வழிந்துவிடும். ஆதலால் மூழ்குவதற்கு அதில் குழிவான உடலே இல்லை. துறைமுகம் இல்லாத, அலை ஓயாது உடைகின்ற மணற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் அரிது. தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பார்கள். நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும் என்பதே காரணம். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். மரத்தைச் செதுக்கித் தருபவர் ஓடாவியாக இருக்கலாம். ஆனால் நாள்தோறும் அதைக் கட்டுபவர் கடலுக்குச் செல்பவரே. தம் கலத்தின் ஒவ்வொரு முடிச்சும் அவர் கையால் இட்ட முடிச்சாகவே இருந்தது.

இதன் பெருமையை உலகம் நமக்கு முன்னரே கண்டுகொண்டது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியான தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைக் குறிப்பிட்டுள்ளார். அத்தமிழ்ச் சொல் 'கேட்டமரன்' என்று ஆங்கிலத்தில் குடியேறியது. 1876இல் நத்தானியல் ஹெர்ரஷாஃப் என்ற அமெரிக்கர் இரண்டு உடல்களை இணைத்து 'அமரில்லிஸ்' என்னும் பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஏனைய படகுகளை விஞ்சினார். அவ்வகை இரட்டைப் படகுகளுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்று செல்வர்களின் பந்தயக் கலங்கள் நம் சொல்லைச் சூடிக்கொண்டு ஓடுகின்றன. அச்சொல் பிறந்த கரையிலோ, கட்டுமரக்காரரின் மகன் என்று சொல்லிக்கொள்ளப் பிள்ளைகள் கூசுகின்றனர். அவர்களைக் கூச வைத்தவர் யார்?

பாயின் கதையும் இதுவே. இரவில் நிலம் கடலைவிட விரைந்து குளிர்கின்றது. எனவே விடியலுக்கு முன் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. பகலில் நிலம் சூடேறியபின், பிற்பகலில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கித் திரும்புகின்றது. போவதற்கு ஒரு காற்றும் வருவதற்கு ஒரு காற்றுமாகப் படைத்தவர் ஏற்பாடு செய்திருக்கின்றார். நம் முன்னோர் அதற்கேற்பவே தொழில் நேரத்தை வகுத்துக்கொண்டனர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைக்கொரு பெயரிட்டனர். கடலின் நீரோட்டத்தை நீவாடு என்று அழைத்து, அதன் போக்கை வலையின் இழுவையிலிருந்தே கணித்தனர். பக்கவாட்டிலிருந்து காற்று வரும்போது மரங்களுக்கிடையே ஒரு பலகையை நீருக்குள் இறக்குவார்கள். காற்று கலத்தைப் பக்கமாகத் தள்ளும். பலகை அத்தள்ளலைத் தடுக்கும். வேறு வழியின்றிக் கலம் முன்னோக்கி நழுவும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நாம் கணக்கெடுப்பில் குறித்த மனிதர்கள், விசைகளின் இந்தக் கூட்டல் கழித்தலைக் கைவிரல்களின் உணர்வாலேயே செய்தார்கள். அவர்களைப் 'பாமரர்' என்று பிரசங்க மேடையிலிருந்து நாமே எத்தனை முறை அழைத்திருக்கின்றோம்!

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கியதிலிருந்து, இயந்திரமே முன்னேற்றம் என்ற கருத்து கரையெங்கும் பரவிற்று. 1980களில் சிறு கலங்களுக்கும் மோட்டார் வந்தது. மரமும் கிடைப்பதற்கு அரிதாயிற்று. இச்சூழலில் பெல்ஜிய நாட்டவரான பியர் கில்லே குமரி மாவட்டத்து முட்டத்தில் தங்கி, ஒட்டுப்பலகையால் கரையேறும் படகுகளை வடிவமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்கே அக்கலையைக் கற்பித்தார். பெரிய மரத்தைக் குடைந்து செய்யும் வள்ளத்துக்கு மாற்றாக அமைந்த அப்படகுகளை நாம் குறை கூறவில்லை. மீனவர் ஊரில், மீனவர் பிள்ளைகளின் கையால் உருவான படகுகள் அவை. புதுமை வேண்டாம் என்பது நம் வாதமன்று என்பதற்கு முட்டமே சான்று.

முறிவு வந்தது ஆழிப்பேரலைக்குப் பின்னர்தான். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி உயிர்களையும் கலங்களையும் வாரிச் சென்றபோது, உலகெங்குமிருந்து உதவி குவிந்தது. உதவியவர்களுக்குக் கட்டுமரம் கட்டத் தெரியாது. எண்ணிக்கை காட்டவே தெரியும். ஒரே அச்சில் வார்த்து அடுக்கும் ஃபைபர் படகுகள் அதற்கு வசதியாக இருந்தன. கட்டுமரத்தை இழந்தவருக்கும் ஃபைபர் படகே கொடுக்கப்பட்டது. பல ஊர்களில் இழந்த கலங்களைவிடக் கொடுத்த கலங்கள் மிகுதியாயின. அவசரத்தில் முளைத்த பட்டறைகளில் வார்த்த படகுகளின் தரமும் பல இடங்களில் குறைவாகவே இருந்தது.

நாமும் அப்பணியில் முன்னின்றோம். அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது நாம் பணியாற்றிய கடலோரப் பங்கில் வரிசையாக நிறுத்தப்பட்ட புதுப் படகுகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தோம். நிழற்படம் எடுத்து உதவியவர்களுக்கு அனுப்பினோம். சடங்கு முடிந்ததும் முதியவர் ஒருவர் அருகில் வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "சாமி, மந்திரிச்சீங்க, சந்தோசம். எம் மரம் ஒடஞ்சா நானே சேத்துக் கட்டுவேன். இது ஒடஞ்சா நான் யாரத் தேடிப் போவேன்?" என்று கேட்டார். "காலம் மாறிவிட்டது தாத்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம். இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்றவர்க்கு அன்று கிடைத்த மறுமொழி அவ்வளவே.

சில ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு ஓர் அடக்கச் சடங்குக்காகச் சென்றோம். நாம் மந்திரித்த படகுகளுள் சில, அடி பிளந்து, கவிழ்ந்து, முட்செடிகளுக்கிடையே கிடந்தன. மரமாயின் விறகாகும், அல்லது மக்கி மண்ணாகும். ஃபைபரோ அழியாது கிடக்கின்றது. அதைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாத மற்றொன்று. மோட்டார் பழுதானால் உதிரிப்பாகத்துக்கு நகரத்துக்கு ஓடவேண்டும். ஆயுள் முடிந்தால் புதியது வாங்க வியாபாரியிடம் முன்பணம் பெறவேண்டும். முன்பணம் பெற்றவர் பிடித்த மீனை அந்த வியாபாரிக்கே கொடுத்தாக வேண்டும். மண்ணெண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் அடுப்படியில் உலை குறைகின்றது. மீனைப் பிடித்தவர் ஒருவர், விலை சொல்பவர் வேறொருவர். பழைய நாளிலும் கடன் இருந்தது, வறுமை இருந்தது, மறுக்கவில்லை. ஆயினும் பாயும் கயிறும் மரமும் தம்முடையவை என்ற அளவிலாவது ஒருவர் 'இன்று உமக்கு மீன் தரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. இரண்டாம் யோவான் பவுல் 1981இல் வெளியிட்ட உழைப்பு பற்றிய சுற்றுமடலில், மூலதனம் உழைப்புக்குப் பணிசெய்ய வேண்டுமேயன்றி உழைப்பு மூலதனத்துக்கு அடிமையாகலாகாது என்று தெளிவாகக் கற்பித்தார். அதை நாம் கருத்தரங்குகளில் விளக்கினோம். கடற்கரையில் மறந்தோம்.

நம்மை மறுப்போர் சொல்வனவற்றையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

'துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்தவர்கள் நாங்கள். ஈரத்திலேயே நின்று நின்று கால் வெடித்தவர்கள் நாங்கள். மோட்டார் வந்ததும் மூச்சு விட்டோம். வேர்வை சிந்தாத சாமியார் எங்களைத் திரும்பவும் துடுப்புக்கு அனுப்புவதா?' இது முதல் மறுப்பு. கூர்மையானது, நியாயமானது. யாரையும் துடுப்புக்குத் திருப்பி அனுப்ப நமக்கு உரிமையில்லை. மோட்டாரை எறியுங்கள் என்று நாம் சொல்லவும் இல்லை. மோட்டார் வந்ததற்காகப் பாயையும் எறிந்துவிட்டோமே, அதைத்தான் கேட்கின்றோம். நடுக்கடலில் மோட்டார் நின்றுபோன படகில் ஒரு சிறு பாயும், அதைக் கட்ட ஒரு கம்பும், கட்டத் தெரிந்த ஒருவரும் இருந்தால் அது கரை சேர வழியுண்டு. மூன்றும் இல்லையெனில் அது நீவாடு போகின்ற போக்கில் போகின்ற வெறும் மிதவை.

'மரம் எங்கே? காடுகளை வெட்டச் சொல்கின்றீர்களா?' என்பது இரண்டாவது. இல்லை. முழுமரத்தைக் குடைவதற்கும் மலைக்காட்டு மரத்தை வெட்டுவதற்கும் இனி இடமில்லை. ஆனால் வயல் வரப்பில் நட்டு வளர்க்கின்ற மலைவேம்பும், தோட்டத்து மரத்தில் உரித்த ஒட்டுப்பலகையும் காட்டைக் கேட்பதில்லை. சிறு படகு ஒன்றுக்குச் சில பலகைகளே போதும்.

'எங்கள் பிள்ளைகள் படித்து மேலே வர வேண்டும், மீண்டும் மரவேலையா?' என்பது மூன்றாவது. இதைச் சொல்வோர் பெரும்பாலும் படித்து மேலே வந்த நம் பொதுநிலையினரே. அவர்களுக்கு வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுவோம். அவர்கள் உள்நாட்டுச் சான்றை எளிதில் ஏற்பதில்லை!

1963இல் இங்கிலாந்தில் 'டெய்லி மிரர்' என்ற மக்கள் நாளிதழின் ஆதரவில் ஒரு சிறு பாய்ப்படகு அறிமுகமாயிற்று. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுப் பழுதுவேலைகளைத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்த பாரி பக்னெல்லும் சேர்ந்து அதை உருவாக்கினர். நீளம் 11 அடிக்குச் சற்றுக் குறைவு. சிவப்புப் பாய். வெட்டிய ஒட்டுப்பலகைகள் பெட்டியில் வரும். வாங்கியவர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் பலகைகளைத் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் பூசிப் படகாக்கிக் கொள்ள வேண்டும். தச்சுப்பயிற்சி வேண்டியதில்லை. அவ்வாறு 70,000க்கும் மேற்பட்ட படகுகள் உருவாயின. ஆசிரியர்களும் எழுத்தர்களும் தொழிலாளர்களும் தம் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டினர். கட்டிய படகிலேயே பிள்ளைகள் பாய்விடக் கற்றனர். அப்பிள்ளைகளின் படிப்பு அதனால் கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

அந்தத் தையல் நமக்குப் புதிதா? சென்னையில் துறைமுகம் எழுமுன் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். ஆட்களையும் சரக்கையும் அலைகளினூடே கரைசேர்த்தவை மசூலா எனப்பட்ட படகுகள். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தவை அவை. ஆணியடித்த படகு அலை மோதலில் விரிசல் விடும்; தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். அன்று நாம் தென்னங்கயிற்றால் தைத்தோம். அவர்கள் செப்புக் கம்பியால் தைத்தார்கள். அவர்கள் பூசியதும் ஃபைபர் செய்யப் பயன்படும் அதே கண்ணாடியிழைதான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே, பொருள் நமக்குப் பகையன்று. கட்டுபவர் யார், பழுது நீக்கத் தெரிந்தவர் யார் என்பதே கேள்வி. அந்நாட்டில் ஒரு செய்தித்தாள் செய்ததை, ஊர்தோறும் ஆலயமும் பள்ளியும் பக்தசபைகளும் வைத்திருக்கின்ற நாம் ஏன் செய்யவில்லை?

நம் விசுவாசத்தின் தொட்டிலே ஒரு மரப்படகுதான் என்பதையும் மறந்துவிட்டோம். 1986இல் வறட்சியால் கலிலேயக் கடலின் நீர் வற்றியபோது, கினோசார் அருகே சேற்றில் புதைந்திருந்த பழைய படகு ஒன்று வெளிப்பட்டது. ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது. நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர். ஆய்ந்தவர்கள் அதில் 12 வகை மரங்கள் இருப்பதைக் கண்டனர். பழைய படகுகளின் பலகைகளை எடுத்து, கிடைத்த மரத்தையெல்லாம் ஒட்டுப்போட்டு, மீண்டும் மீண்டும் செப்பனிட்டிருக்கின்றனர். அது பேதுருவின் படகு என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் பேதுரு போன்ற ஏழை மீனவர்கள் எப்படிப்பட்ட படகை வைத்திருந்தனர் என்பதை அது காட்டுகின்றது. தம்மிடமிருந்த மரத்தைக் கொண்டு தம் ஊராரின் கைகளே கட்டிக் காத்த படகு. லூக்கா நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஏறியமர்ந்து போதித்த படகு சீமோனுக்குச் சொந்தமானது என்று நற்செய்தியாளர் தவறாமல் குறிப்பிடுகின்றார். சாலமோனின் ஞானம் நூலின் 14ஆம் அதிகாரமோ, கப்பலைக் கட்டிய கைவினையை ஞானத்தின் செயலாகவே காண்கின்றது. அந்த ஞானத்தை உடையவரையா நாம் பாமரர் என்றோம்?

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்வது எளிது. எனவே கடலோரப் பங்குகளின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: கோடை விடுமுறையில் மறைக்கல்வி வகுப்பு நடத்துகின்றோமே, அதே நாள்களில், எஞ்சியிருக்கின்ற ஓடாவி ஒருவரையும் பாய் ஓட்டிய முதியவர் ஒருவரையும் அழைத்து, ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிறு மரப்படகைக் கட்டச் செய்வோம். அவ்விருவருக்கும் ஆசிரியருக்குரிய ஊதியமும் மதிப்பும் வழங்குவோம். இரண்டு: உயிர்காப்பு அங்கிகள் அணிவித்து, பெரியவர்களின் துணையோடு, அமைதியான கடலில் அப்பிள்ளைகள் அதைப் பாய்விரித்து ஓட்டப் பழகட்டும். மூன்று: படகுகளை மந்திரிக்கக் குருவை அழைக்கும்போது, ஒவ்வொரு ஃபைபர் படகிலும் ஒரு சிறு பாயும் கம்பும் உள்ளனவா என்று அவர் கேட்கட்டும். இல்லையெனில், 'கட்டி வைத்துவிட்டு அழையுங்கள், வருகிறேன்' என்று சொல்லும் துணிவு அவருக்கு வேண்டும். செலவுக்கு எங்கே போவது என்று கேட்போர், சென்ற திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் எழுதிய கணக்கை எடுத்துப் பார்க்கட்டும்.

இதற்குக் கால அவகாசம் அதிகமில்லை. பாய் ஓட்டத் தெரிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டனர். நாம் ஆண்டுதோறும் அவர்களை அடக்கம் செய்துகொண்டிருக்கின்றோம். 'யாரைத் தேடிப் போவேன்?' என்று நம்மிடம் கேட்ட அந்த முதியவரின் அடக்கத்துக்காகவே அன்று அக்கரைக்குச் சென்றிருந்தோம். அவருடைய கட்டுமரத்தின் மரங்கள் வீட்டுக் கொல்லையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கட்டும் கயிறும் ஒரு பக்கத்தில் சுருட்டிக் கிடந்தது. அதை எடுத்துக் கட்ட வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. உங்கள் பங்கில் இன்னும் ஒருவர் எஞ்சியிருப்பாராயின், இந்த இதழை மூடிவைத்துவிட்டு இன்றே அவர் வீட்டுக்குச் செல்லுங்கள்.